மெட்ராஸ் பெயரைச் சுமந்த டிராகன்: விமானப்படைச் சின்னங்களை வாசிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் அரச விமானப்படையில் மூன்று ஸ்குவாட்ரன்களின், அதாவது விமானப் பிரிவுகளின், பெயரோடு நம் ஊர்ப் பெயர் சேர்ந்திருந்தது. 79, 234, 264 என்ற எண்களுக்குப் பக்கத்தில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று எழுதினார்கள். 1940 கோடையில் ஜெர்மன் விமானங்களை எதிர்த்து இங்கிலாந்து வானில் சண்டை போட்ட பிரிவுகள் இவை. 1914இல் எம்டன் கப்பல் வந்து துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கதை ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பலருக்குத் தெரியும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பார்கள். இந்த மூன்று ஸ்குவாட்ரன்களைப் பற்றி மட்டும் வடசென்னையில் யாரும் பேசி நான் கேட்டதே இல்லை.

பெயர் எப்படி வந்தது? பணத்தால் வந்தது. போருக்கு நிதி திரட்டியபோது, ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று பிரிட்டனில் பெயரளவுக்கு ஒரு விலை வைத்தார்கள். அதைக் கொடுக்கும் ஊரோ ஆளோ விமானத்துக்குப் பெயர் வைக்கலாம். ஒரு நாடோ மாகாணமோ பெருந்தொகை கொடுத்தால் ஒரு ஸ்குவாட்ரனுக்கே அதன் பெயரைச் சூட்டுவார்கள். சென்னை மாகாணத்தின் பெயர் இப்படித்தான் மூன்று பிரிவுகளுக்குப் போனது. பணத்தோடு நிற்கவில்லை. பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில்லில் நெய்த காக்கித் துணி ராணுவத்தின் உடுப்பானது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் உழைப்பும் அந்தப் போருக்குள் இருந்தது.

சரி, இந்த மூன்று பிரிவுகளின் சின்னங்களில் மெட்ராஸ் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. 234இன் சின்னம் நெருப்பைக் கக்கும் டிராகன். 79இன் சின்னம் சாலமண்டர், நெருப்பில் விழுந்தாலும் சாகாது என்று ஐரோப்பியர் பழங்காலத்தில் நம்பிய பல்லி போன்ற பிராணி. 264இன் சின்னம் ஒரு போர்வீரனின் தலைக்கவசம். ஒரு பனைமரம் இல்லை, ஒரு கட்டுமரம் இல்லை, கோட்டையின் நிழல்கூட இல்லை. ஏன் இப்படி என்று யோசித்தால் ஸ்குவாட்ரன் சின்னங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதே விளங்கிவிடும்.

விமானங்களில் படம் வரையும் பழக்கம் முதல் உலகப் போரில் தொடங்கியது. ஒரே தொழிற்சாலையில் செய்த விமானங்கள் வானத்தில் ஒன்றுபோலவே தெரியும். நம்மவன் யார், எந்தப் பிரிவுக்காரன் என்று நொடியில் தெரிய வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் ஒரு பிரிவு நாரையை வரைந்துகொண்டது. இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்கா, முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரையை வரைந்துகொண்டார். அவர் போரில் இறந்த பிறகு, அவருடைய தாயார் அந்தக் குதிரையை என்ஸோ ஃபெராரிக்குக் கொடுத்ததாக ஃபெராரியே சொல்லியிருக்கிறார். இன்று ஃபெராரி காரின் முன்பக்கம் நிற்கும் குதிரை அதுதான்.

நமக்கு இது புதிய சங்கதி இல்லை. சங்க காலப் போரில் சேரர் படை பனம்பூவையும், சோழர் படை ஆத்தியையும், பாண்டியர் படை வேம்பையும் சூடின. கைகலப்பில் யார் எந்தப் பக்கம் என்று தலையைப் பார்த்தே தெரிந்துகொள்ள அது உதவியது. அதோடு விடவில்லை. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, படையெடுத்தால் வஞ்சி, கோட்டையை முற்றுகையிட்டால் உழிஞை, காத்தால் நொச்சி, நேருக்கு நேர் மோதினால் தும்பை, வென்றால் வாகை. எந்த அரசனின் ஆள் என்பதோடு, இப்போது என்ன வேலைக்குப் போகிறான் என்பதையும் பூவே சொல்லிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் ஸ்குவாட்ரன் சின்னம் இதில் முதல் பாதியைத்தான் செய்கிறது. அதுவும் போர் முடிந்தால் வாடிவிடாமல் நிலைத்து நிற்கிற மாதிரி.

பிரிட்டனில் ஆரம்பத்தில் ஒவ்வொரு பிரிவும் தோன்றியதை வரைந்துகொண்டிருந்தது. 1936இல் அதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள். மரபுச் சின்னங்களில் தேர்ந்த ஒரு அதிகாரி ஒவ்வொரு வரைபடத்தையும் சரிபார்ப்பார், அரசரே ஒப்புதல் தருவார். வெளிச்சட்டம் எல்லாருக்கும் பொது: மேலே கிரீடம், சுற்றி ஒரு வட்டம், அதில் பிரிவின் பெயர், கீழே ஒரு நாடாவில் குறிக்கோள் வரி. வட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் அந்தப் பிரிவுக்கே சொந்தம். இந்தியா குடியரசானபோது கிரீடத்தின் இடத்துக்கு அசோகர் தூணின் சிங்கங்கள் வந்தன. வட்டமும் நாடாவும் அப்படியே இருக்கின்றன.

இப்போது மெட்ராஸ் மூவருக்குத் திரும்புவோம். 234இன் லத்தீன் வரிக்குப் பொருள் 'நெருப்பையும் சாவையும் உமிழ்கிறோம்'. அவர்கள் ஓட்டியது ஸ்பிட்ஃபயர். விமானத்தின் பெயரிலேயே நெருப்பு உமிழ்வது இருக்கிறது. டிராகன் அங்கிருந்து வந்தது. 264 ஓட்டியது டிஃபையன்ட் விமானம். 'நாங்கள் எதிர்த்து நிற்கிறோம்' என்ற அவர்களின் வரி அந்தப் பெயரிலிருந்தே எடுத்தது. இந்த விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் உட்கார்ந்த ஒருவர் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளை இயக்குவார். பிரான்சின் டன்கர்க் வானில் 1940 மே மாதம் அது எதிரியைத் திகைக்க வைத்தது. துப்பாக்கி எந்தப் பக்கம் இல்லை என்பதை ஜெர்மானியர் கண்டுபிடித்ததும், ஆகஸ்டில் அந்தப் பிரிவு பெரிய இழப்பைச் சந்தித்தது. பிறகு இரவுச் சண்டைக்கு மாற்றினார்கள். கவசம் சின்னமாக இருந்த பிரிவுக்கு முன்பக்கம் காப்பில்லாத விமானம் வாய்த்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 79இன் வரி 'எதுவும் எங்களைத் தடுக்க முடியாது'. மூன்றில் அது மட்டும் நம் பக்கம் வந்தது. 1942இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, பர்மா முனையில் முதலில் ஹரிக்கேன், பிறகு தண்டர்போல்ட் விமானங்களோடு போர் முடியும்வரை சண்டை போட்டது.

இதை ஐதராபாத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிஜாமும் பணம் கொடுத்தார், அவர் பெயரிலும் பிரிவுகள் இருந்தன. 152ஆவது ஸ்குவாட்ரனின் சின்னம் நிஜாமின் தலைப்பாகை. 'நம்பிக்கைக்குரிய கூட்டாளி' என்ற வரி, பிரிட்டிஷார் நிஜாமுக்குக் கொடுத்த பட்டம். 110ஆவது ஸ்குவாட்ரனின் புலி நிஜாமின் குலச்சின்னத்திலிருந்து வந்தது. ஐதராபாத்துக்கு வட்டத்துக்கு உள்ளேயே இடம் கிடைத்தது, மெட்ராஸுக்குப் பெயரில் மட்டும்தான் கிடைத்தது. காரணம் தெளிவு என்றே நினைக்கிறேன். நிஜாம் ஓர் ஆள். அவருக்கு ஓர் இலச்சினை உண்டு, அதை எடுத்து வைக்கலாம். சென்னை மாகாணம் கோடிக்கணக்கான சாதாரண மக்கள். அவர்களுக்கென்று எடுத்து வைக்க ஒரு குலச்சின்னம் அரசரின் அலுவலகத்தில் இல்லை. மக்கள் கொடுத்த பணம் விமானமானது, சின்னமாகவில்லை.

ஆனால் இலச்சினை இல்லாதவர்களும் உள்ளே நுழைய இன்னொரு வழி இருந்தது. அது கூட வாழ்வது. 100ஆவது ஸ்குவாட்ரன் 1930களில் சிங்கப்பூருக்குப் போய் அந்த வட்டாரத்தில் இருந்தது. அதன் சின்னம் மண்டையோடும் எலும்புகளும். கீழே இருக்கும் வரி லத்தீன் இல்லை, மலாய்: 'சாரங் தெபுவான் ஜாங்ஙான் டிஜோலோக்', அதாவது குளவிக் கூட்டைக் குத்திக் கலைக்காதே. மலாய்க்காரர் வாயில் புழங்கும் பழமொழி, ஒரு ஆங்கிலப் பிரிவின் அதிகாரபூர்வ வரியானது. 45ஆவது ஸ்குவாட்ரனின் சின்னத்தில் இறக்கை முளைத்த ஒட்டகம் இருக்கிறது. முதல் போரில் அவர்கள் ஓட்டிய விமானத்தின் பெயர் கேமல். பிறகு நெடுங்காலம் மத்தியக் கிழக்குப் பாலைவனத்தில் இருந்தார்கள். இரண்டு நினைவும் ஒரே ஒட்டகத்தில் அடங்கிவிட்டது. 1915 கடைசியில் இந்தியா வந்த 31ஆவது ஸ்குவாட்ரனின் சின்னத்தில் 'இந்திய நட்சத்திரம்' இருக்கிறது. அதன் வரி 'இந்திய வானில் முதலாவது'.

ஒரே ஓர் இரவைச் சொல்லும் சின்னமும் உண்டு. 617ஆவது ஸ்குவாட்ரனின் வட்டத்துக்குள் ஓர் அணை, நடுவில் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது, மேலே மின்னல். 1943 மே 16, 17 இரவில் ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளை அவர்கள் தகர்த்ததைக் குறிக்கிறது. வரி பிரெஞ்சு: 'எனக்குப் பின் பிரளயம்'. அந்த வெள்ளத்தில் செத்தவர்களில் கைதிகளாகப் பிடித்துவரப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். சின்னத்தில் அவர்கள் இல்லை. எந்தப் போர்ச் சின்னத்தைப் பார்த்தாலும், வட்டத்துக்கு வெளியே விடப்பட்டது என்ன என்று நான் தேடுவது இதனால்தான்.

விலங்குகளுக்கு வருவோம். இந்திய விமானப்படையில் 1ஆவது ஸ்குவாட்ரன் புலி, 3 நாகம், 5 கொம்பன் யானை, 9 ஓநாய்க் கூட்டம், 14 காளை, 23 சிறுத்தை. கடற்படையின் 300ஆவது பிரிவு வெள்ளைப்புலி. புலியும் சிறுத்தையும் உலகம் முழுக்க எத்தனையோ பிரிவுகளுக்கு உண்டு. புலிச் சின்னம் வைத்த நேட்டோ நாட்டுப் பிரிவுகள் 1961 முதல் கூடிப் பழகி, சேர்ந்து பயிற்சி செய்கின்றன. அந்த உறவு நல்லதுதான். ஆனாலும் வேட்டை விலங்குச் சின்னம் அந்தப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. 'நாங்கள் பயங்கரமானவர்கள்' என்று எல்லாரும்தானே சொல்வார்கள்?

யானை அப்படியில்லை. 5ஆவது ஸ்குவாட்ரன் 1948 நவம்பரில் கான்பூரில் பி-24 லிபரேட்டர் விமானங்களோடு தொடங்கியது. நான்கு எஞ்சின் கொண்ட கனத்த குண்டுவீச்சு விமானம். போர் முடிந்து பிரிட்டனின் அரச விமானப்படை கழித்துப் போட்ட குவியலிலிருந்து எடுத்துப் பெங்களூரின் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பழுது பார்த்துப் பறக்க வைத்தவை. அந்தப் பாரத்துக்கு யானை எவ்வளவு பொருத்தம்! அப்புறம் அந்தப் பிரிவு கான்பெரா விமானத்துக்கு மாறியது, பிறகு ஜாகுவாருக்கு மாறியது. ஜாகுவார் தாழப் பறந்து விரைந்து தாக்கும் விமானம், யானையின் நடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் யானையை யாரும் மாற்றவில்லை. பிரிவு எங்கே தொடங்கியது என்ற நினைவு அதில் இருக்கிறது. 28ஆவது ஸ்குவாட்ரனின் பெயர் 'ஃபர்ஸ்ட் சூப்பர்சானிக்ஸ்'. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் மிக்-21 1963இல் முதலில் வந்த பிரிவு அது. இப்போது மிக்-29 ஓட்டுகிறது, பெயர் அதேதான்.

குறிக்கோள் வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1ஆவது ஸ்குவாட்ரனின் 'ஏக்தா மேம் சக்தி', ஒற்றுமையில் பலம். பள்ளிக்கூடச் சுவரில் எழுதும் சாதாரண வரிதான். ஆனால் யார் சொன்னது என்று பாருங்கள். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாப்பிட்டி விமானங்களோடு தொடங்கிய பிரிவு அது. வங்காள இந்து, பஞ்சாப் சீக்கியர், முஸ்லிம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள், கொஞ்சம் சிப்பாய்கள். இந்தியனால் விமானம் ஓட்ட முடியுமா என்று வெள்ளைக்காரர்கள் சந்தேகப்பட்ட காலம். பதினான்கே ஆண்டில் நாடு பிரிந்தபோது விமானப்படையும் பிரிந்தது, கூடப் பறந்தவர்கள் இரண்டு நாட்டுக்குப் போனார்கள். இந்த வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த வரி வேறு மாதிரி கேட்கிறது.

விமானப்படை முழுமைக்குமான வரி 'நபஸ்ப்ருசம் தீப்தம்', வானைத் தொட்டு ஒளிர்வது. கீதையின் 11ஆவது அத்தியாயம், 24ஆவது சுலோகம். அதைச் சொல்பவன் அர்ச்சுனன். வானளாவ நின்று ஒளிரும் விசுவரூபத்தைக் கண்டு, என் உள்ளம் நடுங்குகிறது, தைரியமும் அமைதியும் போய்விட்டன என்று புலம்பும் இடம். விமானப்படை எடுத்துக்கொண்டது முதல் இரண்டு சொற்களை. மீதி சுலோகத்தில் இருக்கும் நடுக்கம் எதிரில் நிற்பவனுடையது. வரியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு முழுச் சுலோகமும் தெரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு விமானம் ஓய்வு பெற்றால் சின்னம் என்ன ஆகிறது? காசிமேட்டில் பழைய படகை உடைத்துவிட்டுப் புதுப் படகு கட்டுகிறவர், பழைய பெயரையே அதற்கும் எழுதுவது உண்டு. ஸ்குவாட்ரனும் அப்படித்தான். விமானம் இல்லாமல் போனால் பிரிவை 'நம்பர் பிளேட்' செய்வார்கள். எண், சின்னம், வரி, கோப்பைகள் எல்லாம் பத்திரமாக வைக்கப்படும். ஆட்கள் வேறு பிரிவுகளுக்குப் போவார்கள். புது விமானம் வரும்போது அதே எண்ணை எழுப்புவார்கள். 17ஆவது ஸ்குவாட்ரன், 'கோல்டன் ஏரோஸ்', மிக்-21களோடு 2016இல் இப்படி நிறுத்தப்பட்டது. 2019 செப்டம்பரில் ரஃபேலுக்காக அம்பாலாவில் மீண்டும் எழுப்பினார்கள். எழுப்பியவர் அப்போதைய தளபதி பி.எஸ். தனோவா, 1999 கார்கில் போரில் அதே பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அந்தப் பிரிவின் வரி 'உதயம் அஜஸ்ரம்', ஓயாத எழுச்சி. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றபோது, அதைக் கடைசிவரை வைத்திருந்த 23ஆவது ஸ்குவாட்ரனின் சிறுத்தையும் இதே வழியில்தான் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

தமிழ் மண்ணிலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. கோவைக்குப் பக்கத்தில் சூலூர். அங்கே 2020 மே மாதம் தேஜஸ் விமானத்தோடு மீண்டும் எழுந்தது 18ஆவது ஸ்குவாட்ரன், 'ஃப்ளையிங் புல்லட்ஸ்'. 1965இல் நாட் என்ற மிகச் சிறிய விமானத்தோடு தொடங்கிய பிரிவு. பறக்கும் தோட்டா என்ற பெயர் அந்த உருவத்துக்குப் பொருந்தியது. அதன் வரி வேகத்தையும் அச்சமின்மையையும் சொல்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைத் தாக்க வந்த சேபர் விமானங்களை நிர்மல்ஜித் சிங் செகோன் ஒற்றை நாட் விமானத்தில் எதிர்கொண்டு உயிர் விட்டார். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அவருக்குப் பிறகு அந்த வரியை மாற்ற யாருக்கும் மனம் வராது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் நடந்தபோது வடசென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வெயிலிலும் நெரிசலிலும் உயிரிழந்தவர்களை மறக்க முடியாது. அன்று பிள்ளைகள் அதிகம் கேட்ட கேள்விகளில் ஒன்று, ஹெலிகாப்டரில் ஏன் மயில் வரைந்திருக்கிறது என்பது. சூலூரில் இருக்கும் சாரங் குழு அது. சாரங் என்றால் மயில்தான். துருவ் ஹெலிகாப்டர்கள் சேர்ந்து ஆடிக் காட்டுவதற்கு, வேட்டையாடும் பறவையை விட்டு ஆடும் பறவையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கடற்படை தன் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைக்கிறது. கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்சா, அரக்கோணத்தில் ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் பருந்து. சென்னை மாகாணத்துக்கு அன்று வட்டத்துக்குள் கிடைக்காத இடம், ராஜாளியிலும் பருந்திலும் தமிழுக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி.

ராஜாளியில் இருக்கும் 312ஆவது கடற்படை விமானப் பிரிவின் சின்னம் அல்பட்ராஸ். இறக்கையை அடிக்காமல் காற்றிலேயே மிதந்து நாள்கணக்கில் கடல் மேல் இருக்கக்கூடிய பறவை. 1976இல் சூப்பர் கான்ஸ்டெல்லேஷன், 1988இல் டியு-142, 2013இல் பி-8ஐ என்று அந்தப் பிரிவு மூன்று விமானங்கள் மாறியிருக்கிறது. மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்: மணிக்கணக்கில் கடலுக்கு மேல் பறந்து கப்பலையும் நீர்மூழ்கியையும் தேடுவது. எண்ணூர், காசிமேட்டுப் படகுகள் வலை போடும் வங்கக் கடலும் அந்தத் தேடலுக்குள் அடங்கும். நான் பார்த்த சின்னங்களில், செய்கிற வேலையை முழுசாகப் புரிந்துகொண்டு வைத்தது இதுதான் என்று சொல்வேன்.